கவுண்டருக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை லாச்சப்பலுக்குப் போனால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வர ஏலாது. இது உங்களுக்கும் தெரியும். கார் து நோரில் இறங்கி, ஃபோபூர் சென் தெனி வீதியால் நடந்து, காய் வீதிக்குத் திரும்புவதற்குள் தெரிந்த முகம் மூன்றாவது வந்துவிடும். போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் மகளும் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கப் போயிருந்தோம். வழமையாகப் போகும் கடையின் அண்ணை மிச்சக் காசை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை இந்த வருசம் துருவாசியெம் எல்லே? ஸ்தாஜுக்கு இடம் எடுத்தாச்சோ? இல்லாட்டி இஞ்ச அனுப்பிவிடுங்கோ தங்கச்சி. நான் தம்போன் குத்தித் தாறன்."

நான் நன்றி சொல்ல வாய் திறக்க முன்னம் மகள் முந்திவிட்டாள். "நன்றி மாமா. நான் மேரியில செய்யப் போறன்."

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "மேரியிலயோ? அங்க ஆரைத் தெரியும்?"

கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு ரயிலேறி வீடு வரைக்கும் வந்தது.

பிரான்சுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்குச் சிறு விளக்கம். இங்கே கொலேஜின் கடைசி வகுப்புத்தான் துருவாசியெம். பிள்ளைக்கு 14, 15 வயது. அந்த வருடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு வேலைத்தலத்தில் இருந்து பார்க்கவேண்டும். வேலை செய்வதில்லை, கவனிப்பதுதான். சம்பளமும் இல்லை. பள்ளிக்கூடம், இடம் கொடுப்பவர், பெற்றோர் மூன்று தரப்பும் ஓர் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். முடிந்தபின் பிள்ளை ஓர் அறிக்கை எழுதவேண்டும். இடத்தைத் தேடுவது மட்டும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

அதனால்தான் குளிர்காலத்தில் லாச்சப்பல் கடைகளில் எங்கள் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். மாமாவின் மளிகைக் கடை, சித்தப்பாவின் ரெஸ்டோரன்ட், அப்பாவின் சிநேகிதரின் நகைக் கடை. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு தம்போன், அலுவல் முடிந்தது.

அன்றிரவு என் தொலைபேசியில் உள்ள பெயர்களை ஒருக்கால் கீழே வரைக்கும் பார்த்தேன். கடைக்காரர், சமையல்காரர், கணக்காளர், கணினிப் பொறியியலாளர், இரண்டு தாதிமார், ஒரு டொக்டர். மேரியில் ஒருவர்? இல்லை. பிரிபெக்சூரில்? இல்லை. ஒரு அமைச்சில்? சிரிப்பு வந்தது. எங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது.

அப்பாவின் கந்தோர்

இத்தனைக்கும் என் அப்பா ஓர் அரச உத்தியோகத்தர். 1971இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை. ஆனால் அப்போதே அந்தக் கதவு ஒடுங்கத் தொடங்கியிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், சேவையில் இருந்த தமிழர்கள் சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் சிங்களப் பரீட்சை எழுதவேண்டி வந்தது. அப்பாவின் மூத்த அண்ணன்மார் அதில் பட்ட பாட்டை வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். 1983க்குப் பிறகு அப்பா வேலையை விட்டார். 1984இல் பரிஸ். முதல் வேலை ஒரு ரெஸ்டோரன்டின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவுவது.

நானும் அம்மாவும் 1988இல் வந்தோம். எனக்கு 7 வயது. 9 வயதில் நான் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அந்த நாளில் புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அதனால் எங்கள் வீட்டு அலுவல் எல்லாம் புதன்கிழமைதான். விடிய முன்னம் எழும்பிக் குளிருக்குள் வரிசையில் நிற்போம். எங்கள் முறை வரும்போது கவுண்டரின் கண்ணாடி என் நெற்றிக்கு நேரே இருக்கும். அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார்.

ஒருமுறை அந்தப் பக்கத்தில் இருந்த பெண், வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி, "ஜுஸ்திபிகாதீவ்", கேட்டார். எனக்கு "ஜுஸ்தீஸ்" என்ற சொல்தான் தெரியும். "அப்பா, எங்கட வீட்டுக்கு நீதி கேக்கினம்" என்றேன். அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு வீட்டு வாடகைத் துண்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் கவுண்டர் தெரியும். அன்றைக்கு வேறொரு கடதாசி குறைந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. மெத்ரோவில் அப்பா சொன்னார்: "அந்த மனுசியில பிழையில்லை. கோப்பில ஒரு கடதாசி குறைஞ்சா நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

ஆனால் எனக்குப் பக் சோதனை முடிந்து என்ன படிப்பது என்று வந்தபோது அதே அப்பாதான் சொன்னார்: "கவுண்மேந்து எங்களுக்குச் சரிவராது பிள்ளை. கணக்குப் படி." அன்றைய நிலையில் அதில் உண்மை இருந்தது. இங்கே நிரந்தர அரச ஊழியராக வருவதற்குப் பிரெஞ்சு அல்லது ஐரோப்பியப் பிரசாவுரிமை வேண்டும். எங்களிடம் அப்போது அது இல்லை. பிறகு கிடைத்தது. ஆனால் சரிவராது என்ற எண்ணம் மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டது. நான் கணக்காளரானேன். அதில் வருத்தமில்லை. ஆனால் வேறொரு கதவையும் தட்டிப் பார்த்திருக்கலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆரைத் தெரியும் என்ற கேள்வி

இது எங்கள் சனத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. சட்டத்தரணியின் பிள்ளை சட்ட அலுவலகத்தில் ஸ்தாஜ் செய்கிறது. சமையல்காரரின் பிள்ளை சமையலறையில் செய்கிறது. வெளி உலகத்தைக் காட்டத்தான் இந்த ஒரு கிழமை. கடைசியில் அது அப்பா அம்மாவின் உலகத்தையே திரும்பக் காட்டுகிறது. 2017 நவம்பரில் ஜனாதிபதி மக்ரோன் தூர்குவான் நகரில் பேசியபோது, வசதி குறைந்த பகுதிகளின் துருவாசியெம் பிள்ளைகளுக்கு 30,000 ஸ்தாஜ் இடங்கள் தருவதாக அறிவித்ததற்குக் காரணம் இதுதான். பாதியை அரசும் பொதுத்துறையும், மற்றப் பாதியைத் தனியார் நிறுவனங்களும் கொடுப்பதென்பது திட்டம். 2024 ஜூனில் இருந்து லிசேயின் முதல் வகுப்பான செகோந்திலும் ஸ்தாஜ் வந்தது. அந்த முதல் வருடம் அது 2 கிழமை. இடம் தேடுவதற்கு "1 எலேவ் 1 ஸ்தாஜ்" என்ற அரசாங்க இணையத்தளமும் வந்தது.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அங்கே மத்திய அரச சேவையின் கோடைகாலப் பயிற்சித் திட்டத்தை 2026 முதல் வசதி குறைந்த பின்னணியில் இருந்து வரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கே ஒதுக்குவதாக 2025 ஓகஸ்டில் அறிவித்தார்கள். அந்தப் பின்னணியை எப்படி அறிவார்கள் தெரியுமா? "உங்களுக்கு 14 வயதாக இருந்தபோது உங்கள் பெற்றோர் என்ன வேலை செய்தார்கள்?" என்று கேட்பார்கள். அதை வாசித்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு 14 வயதில் அப்பா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் படிவத்தில் அந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்று யோசித்த காலம் அது. இன்று ஒரு நாட்டில் அந்தப் பதிலே ஒரு கதவைத் திறக்கிறது.

நாங்கள் விட்ட பிழைகள்

மகள் மேரி என்று சொல்லிவிட்டாள். எப்படித் தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. விட்ட பிழைகளைச் சொல்கிறேன். நீங்கள் விடவேண்டாம்.

முதல் பிழை, பிந்தியது. டிசெம்பர் ஸ்தாஜுக்கு ஒக்டோபரில் எழுதத் தொடங்கினோம். நான்கு இடத்துக்கு எழுதினோம். மூன்று இடம் பதிலே போடவில்லை. ஒரு இடம் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள் என்றது. பள்ளிக்கூடம் தொடங்கும் செப்டெம்பரிலேயே எழுதவேண்டும். முந்தின ஜூனில் எழுதினாலும் பிழையில்லை.

இரண்டாவது பிழை, கடிதத்தை நான் எழுதியது. ஒரு பக்கம் நிறைய மரியாதை, தாழ்மை, வணக்கம். வரித் திணைக்களத்துக்கு எழுதுவதுபோல இருந்தது. மகள் வாசித்துவிட்டு, "அம்மா, இதில நான் எங்க இருக்கிறன்?" என்று கேட்டாள். பிறகு அவளே அரைப் பக்கத்தில் எழுதினாள். அதில் இருந்த ஒரு வசனத்தின் கருத்து இது: என் அம்மா ஒன்பது வயதில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தன் தகப்பனுக்காக மொழிபெயர்த்தார். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

சீவியிலும் ஒரு வரி சேர்த்தாள். அம்மப்பாவுக்கு வைத்தியரிடமும் வங்கியிலும் மொழிபெயர்க்கிறேன் என்று. எனக்கு அது சீவியில் போடுகிற விசயமாகவே தோன்றியிருக்காது. யோசித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டு மொழியில் கதைக்கிறார்கள், அம்மம்மாவுக்கு வந்த கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்துகிறார்கள், இணையத்தில் அவருக்கு ரோந்தேவூ எடுத்துக் கொடுக்கிறார்கள். இது பொதுச்சேவையின் அனுபவம்தான், கவுண்டரின் வெளிப்பக்கத்தில் இருந்து பெற்ற அனுபவம். எழுதுங்கள்.

மூன்றாவது பிழை, "மேரி" என்று பொதுவாகக் கேட்டது. ஒரு மேரிக்குள் எத்தனையோ பகுதிகள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு ஒன்று. சமூக உதவி ஒன்று. பள்ளிக்கூடச் சாப்பாடு, நூலகம், பூங்கா, விளையாட்டு, கட்டட அனுமதி, ஆவணக் காப்பகம் என்று தனித்தனி. "பதிவுப் பகுதியிலோ நூலகத்திலோ இருக்க விரும்புகிறேன்" என்று எழுதினால் அந்தக் கடிதம் ஒரு ஆளின் மேசைக்குப் போகும். பொதுவாக எழுதினால் அது எந்த மேசையில் கிடக்கும் என்று சொல்ல ஏலாது.

நான்காவது பிழை, மேரியை மட்டும் நினைத்தது. பிரான்சில் பொதுச்சேவை மூன்று கிளை: அரசினது, நகர மற்றும் பிராந்திய சபைகளினது, ஆஸ்பத்திரிகளினது. மூன்றிலும் சேர்த்து 57 இலட்சத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள். நாட்டில் ஐந்து வேலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மரக்கறி வாங்கும் வீதியைச் சுற்றியே பாருங்கள். கார் து நோருக்கு ஒட்டினாற்போல லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரி. ஃபோபூர் சென் மார்த்தான் வீதியில் பத்தாம் வட்டாரத்தின் மேரி. கார் து லெஸ்துக்குக் கிட்ட பிரான்சுவாஸ் சகான் நூலகம். பஜோல் வீதியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கொஞ்சத் தூரத்தில் வாக்லாவ் ஹாவெல் நூலகம். எல்லாம் நடை தூரம். நாற்பது வருடமாக இவற்றுக்கு முன்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். சட்டம் எப்படி உருவாகிறது என்று பார்க்க விரும்பும் பிள்ளை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் எழுதலாம். துருவாசியெம் பிள்ளைகளை எடுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

நவம்பர் நடுப்பகுதியில், மகளின் அரைப் பக்கக் கடிதத்துக்கு நாங்கள் இருக்கும் புறநகரின் மேரியில் இருந்து பதில் வந்தது. பதிவுப் பகுதியில் மூன்று நாள், பள்ளிக்கூட அலுவல் பகுதியில் இரண்டு நாள். அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

"சொல்லக்கூடாது, அம்மா"

முதல் நாளே அவளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள்: இங்கே காண்பதையும் கேட்பதையும் வெளியே கதைக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து அதை ஒரு பெரிய பொறுப்புக் கிடைத்ததுபோலச் சொன்னாள். நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வழமையைவிட அமைதியாக வந்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லச் சொன்னாள். ஒரு தமிழ் அம்மம்மா தனியாக ஒரு கடித உறையோடு வந்தாவாம். பிரெஞ்சு தெரியாது. பொறுப்பாக இருந்த பெண் இவளிடம், விளங்கப்படுத்த உதவி செய்ய முடியுமா என்று கேட்டு, பக்கத்திலேயே நின்றாவாம். இவள் மொழிபெயர்த்தாளாம். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆர் அது? எங்கட ஆக்களோ? எந்த ஊராம்? என்ன கடிதம்?"

"சொல்லக்கூடாது, அம்மா."

"என்னட்டயுமோ?"

"உங்களிட்டயும்தான்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. பெற்ற தாயிடம் மறைப்பதா என்று. ஆனால் கொஞ்சம் யோசித்தால் எங்கள் சனத்துக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்தானே. ஒருவருக்கு உதவிக்குக் கொண்டுபோன கடிதம், அது விவாகரத்தோ கடனோ வருத்தமோ, சனிக்கிழமை லாச்சப்பல் தேத்தண்ணிக் கடைக்கு ஆளைவிட முந்திப் போய்விடும். அந்தப் பயத்தில் தெரிந்த தமிழரிடம் கொடுக்காமல் கடிதத்தை உறைக்குள்ளேயே வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த அம்மம்மாவுக்குத் தேவைப்பட்டது தமிழ் தெரிந்த ஒரு ஆள். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் அதே அளவுக்குத் தேவை.

மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "அவள் சொல்லமாட்டாள். விடு" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "பிள்ளை, அங்க கோப்பு எப்பிடி அடுக்கினம்? பேராலயோ, இலக்கத்தாலயோ?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கச்சேரியில் பெரிய பதிவுப் புத்தகம் எப்படி இருக்கும், ஒரு கோப்பு மேசை மேசையாக எப்படிப் போகும், பிழையாக எழுதினால் சுரண்டக்கூடாது, கோடு கீறிக் கையெழுத்து வைக்கவேண்டும். பரிசுக்கு வந்தபின் அப்பா தன் கந்தோரைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. நாங்களும் அவரைக் கேட்டதில்லை.

கடைசி நாள் மகள் இன்னொன்று சொன்னாள். "அம்மா, அந்தப் பக்கத்தில இருக்கிறவைக்கும் சில நேரம் மனம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா படிவத்தில கேட்ட கடதாசி இல்லாட்டி அவையால ஒண்டும் செய்ய ஏலாது. அந்தக் கேள்வியைப் படிவத்தில ஆர் போட்டது எண்டு கேட்டன். அது இஞ்ச இல்லை, அமைச்சில முடிவு செய்யிறது எண்டு சொன்னவா." பிறகு யோசித்துவிட்டு, "அப்ப அங்கயும் ஆரோ இருக்கவேணும் எல்லே?" என்றாள்.

அவள் அமைச்சுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த கிழமை மிருக வைத்தியராக வரப்போகிறேன் என்றாலும் சொல்லுவாள். ஆனால் கவுண்டர் ஒரு சுவர் இல்லை, அதற்குப் பின்னால் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் முடிவெடுக்கும் வேறு ஆட்கள் என்று 14 வயதில் கண்டுவிட்டாள். நான் அதைக் காண நாற்பது வயது தாண்டவேண்டி வந்தது.

ஐந்து நாளுக்குப் பிறகு

பிள்ளைக்கு இதில் விருப்பம் வந்தால் அடுத்து என்ன? நான் தேடிப் பார்த்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

செகோந் முடியும் ஜூனில் இன்னொரு ஸ்தாஜ் இருக்கிறது. முதல் தடவை பதிவுப் பகுதி என்றால் இந்தமுறை ஆஸ்பத்திரி நிர்வாகம், நீதிமன்றம் என்று வேறொன்றைப் பார்க்கலாம்.

16 முதல் 25 வயது வரை செர்வீஸ் சிவிக். 2010இல் சட்டமானது. 6 முதல் 12 மாதம், கிழமைக்குக் குறைந்தது 24 மணித்தியாலம். எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மாதம் 600 யூரோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு, ஒரு வருடம் வீணாகிறதே என்று பயப்படாமல் யோசிக்கலாம்.

படித்துக்கொண்டே சம்பளம் எடுக்கும் அப்ரோந்திசாஜ் மேரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அமைச்சுகளிலும் உண்டு. "சுவாசீர் லெ செர்வீஸ் பியூப்ளிக்" என்ற அரசாங்கத் தளத்தில் பொதுத்துறை வேலை அறிவித்தல்கள் வருகின்றன.

பல்கலைக்கழக ஸ்தாஜில் ஒரு விசயம் கவனிக்கவேண்டும். ஒரே இடத்தில் 2 மாதத்துக்கு மேற்பட்டால் கொடுப்பனவு கட்டாயம், அரச நிறுவனமானாலும் சரி. 2025இல் ஆகக் குறைந்த தொகை மணிக்கு 4.35 யூரோ. ஒரு கல்வியாண்டில் ஒரே இடத்தில் 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்ததற்குப் பணம் தரவேண்டிய கட்டாயம் இல்லை.  முதலே கணக்குப் பாருங்கள்.

நிரந்தர வேலைக்கு வழி, கொன்கூர் என்ற போட்டிப் பரீட்சை. 'ஆ', 'பே', 'சே' என்று மூன்று தரம். 'ஆ' தரத்துக்குப் பொதுவாகப் பல்கலைக்கழக மூன்று வருடப் பட்டம், 'பே'க்குப் பக். 'சே'யில் சில பதவிகளுக்குப் பரீட்சையே இல்லை. 'ஆ' தர நிர்வாகிகளைப் பயிற்றும் பிராந்திய நிறுவகங்கள் ஐந்து: பஸ்தியா, லில், லியோன், மெட்ஸ், நாந்த். உச்சியில், 1945இல் தொடங்கிய எனா பள்ளியின் இடத்தை 2022இல் தேசியப் பொதுச்சேவை நிறுவகம் எடுத்துக்கொண்டது.

கொன்கூரைப் பற்றி எனக்குப் பிடித்த ஒன்று, எழுத்துப் பரீட்சையைத் திருத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. எங்கள் நீளமான பெயர்களைச் சீவியில் கண்டு ஒதுக்கிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்ட எவருக்கும் இதன் அருமை விளங்கும். அங்க ஆரைத் தெரியும் என்ற கேள்விக்கு அந்த மேசையில் இடமில்லை. ஆனால் தயார்படுத்துவதிலும் நேர்முகத்திலும் வசதியான வீட்டுப் பிள்ளை முந்திவிடும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் 2021இல் "ப்ரேபா தலோன்" வகுப்புகள் வந்தன. வருமானமும் திறமையும் பார்த்துச் சேர்க்கிறார்கள், வருடம் 4,000 யூரோ உதவித்தொகையும் உண்டு. சியான்ஸ் போ 2001இலேயே வசதி குறைந்த பகுதிகளின் 7 லிசேக்களோடு ஒப்பந்தம் செய்து 17 மாணவரைத் தனி வழியில் எடுத்தது. இன்று அந்த லிசேக்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. உங்கள் பிள்ளையின் லிசே அதில் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

கனடாவில் இருப்பவர்கள் மத்திய அரசின் மாணவர் வேலை அனுபவத் திட்டத்தைப் பாருங்கள். அது சம்பளத்தோடு. நோர்வேயின் கம்சாஜினி குணரத்தினம் மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து போனவர். இளைஞர் அமைப்புகளில் தொடங்கி, 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். பாதை ஒன்றுதான் என்றில்லை. ஆனால் அவரும் சின்ன வயதில் எங்கேயோ ஒரு கூட்ட அறைக்குள் முதல் அடி வைத்திருப்பார்.

என் கணவர் இதை வாசித்துவிட்டு, "சம்பளத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே" என்றார். நியாயம். தொடக்கச் சம்பளம் பெரிது இல்லை. கணினி படித்த பிள்ளை தனியாரில் கூட எடுக்கும். கொன்கூருக்குத் தயாராக மாதக்கணக்கு எடுக்கும், முதல் தடவை தவறலாம். கடையில் ஸ்தாஜ் செய்வதும் குறைவில்லை. கொள்வனவும் கணக்கும் வாடிக்கையாளரும் அங்கே நேரே தெரியும். வியாபாரத்தில் மனம் உள்ள பிள்ளை தாராளமாகக் கடைக்குப் போகட்டும். எங்களை வளர்த்ததும் கடைகள்தான். பிள்ளை விரும்பிப் போனால் நல்லது. வேறு ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது என்பதற்காகப் போகவேண்டி வந்தால்தான் மனம் கேட்பதில்லை.

தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்க லாச்சப்பல் போனபோது கடை அண்ணை மறக்காமல் கேட்டார். "எப்பிடிப் போச்சு பிள்ளை, மேரி?" மகள் பதிவுப் புத்தகங்களைப் பற்றியும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கணக்கைப் பற்றியும் சொன்னாள். அந்த அம்மம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணை கேட்டுக்கொண்டே கரும்பைக் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைக் குறைத்துச் சொன்னார்: "என்ர கடைசிப் பெடியன் வாற வருசம் துருவாசியெம், தங்கச்சி. நாள் முழுக்க ரயிலைப் பற்றித்தான் கதை. நான் கடையில நிப்பாட்டுவம் எண்டுதான் இருந்தனான்."

மகள் கடைத் துண்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்: செப்டெம்பரிலேயே எழுதவேண்டும். எந்தப் பகுதி என்று சொல்லவேண்டும். அரைப் பக்கம் போதும், அவனே எழுதவேண்டும்.

அண்ணை அதை வாசித்துவிட்டுக் காசுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.